பதிமூணு பல்

உச்சி வெயிலில் இரும்பைத் தொட்டால் கை பொத்துப்போகும் என்று தெரிந்தும் அர்த்தநாரி வண்டியைக் கொட்டகைக்கு வெளியே, வாசல் நடுவில்தான் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். கொட்டகைக்குள் நல்ல நிழல் இருந்தது, அந்த நிழல்தான் வேண்டாம் என்றிருந்தது அவனுக்கு. இந்த வண்டியோடு தனியாக நிழலுக்குள் குந்த மனசு வரவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். முப்பது தாண்டிய ஆம்பளை, அடிவாரத்திலிருந்து மலைக்கடைகளுக்கு முட்டை ஏற்றிப் பிழைக்கிறவன், மழையிலும் பனியிலும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறவன், அவன் பட்டப்பகலில் தன் வண்டிக்கே பயப்படுகிறான் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், சரி, இருட்டில் பயந்தால் அந்தப் பழமொழியைச் சொல்லித் தேற்றிக்கொள்ளலாம், வெளிச்சத்தில் பயந்தால் எதைச் சொல்லித் தேற்றிக்கொள்வது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பெண்சாதி கோகிலாவை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும். அவளுக்கு அஞ்சாம் மாசம். நாளைக்கு அவள் அம்மா கையால் அஞ்சாம் மாசச் சோறு தின்ன வேண்டும் என்று நாள் குறித்தாகிவிட்டது. மகன் செத்த பிறகு அந்த மாமியார் மலையை விட்டுக் கீழே இறங்குவதே இல்லை, பஸ்ஸோ பாதி மலையோடு சரி, மேலே போக இந்த வண்டியை விட்டால் கதியில்லை. இந்த வண்டி என்னடா என்றால், போன செவ்வாய்க்கிழமை, பின்னால் ஒரு முட்டைகூட இல்லாமல் வெறும் வண்டியாக ஏறும்போது, ஃபர்ஸ்ட் கியரிலேயே மூச்சு முட்டி வளைவில் நின்றது. நின்றதோடு விட்டதா, பின்னுக்கு உருண்டது. ரெண்டு காலையும் ஊன்றி, பிரேக்கைப் பிடித்து, பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினான். அந்த இடத்தில் கோகிலா பின்னால் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். அதனால்தான் இன்றைக்கு இந்த வேலை. இஞ்சின் பக்கம் செயினை இழுக்கிற சின்னப் பல்சக்கரம் பதினாலு பல், அதைக் கழற்றிவிட்டுப் பதிமூணு பல் போட்டால் வேகம் கொஞ்சம் குறையும், இழுவை கூடும். மேடு ஏறுகிற வண்டிக்கு அதுதான் வைத்தியம்.

புதுச் சக்கரம் எண்ணெய்க் காகிதத்துக்குள் சின்னதாக, வெண்கலக் கிண்ணம் அளவுக்குக்கூட இல்லாமல் கிடந்தது. இதை வாங்கும்போதே ஒரு கூத்து. சாமான் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பதினாலே நல்லாத்தான இழுக்கும், டபுள்ஸ் ஏத்தறீங்களா என்று கேட்டார். இவனும் யோசிக்காமல், ஆமாங்க, எப்பவும் டபுள்ஸ்தான், என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு அந்த வெயிலிலும் முதுகு சில்லிட்டு நின்றான். எப்பவும் டபுள்ஸ்தான் என்று ஏன் சொல்ல வேண்டும், அவன் தனியாள்தானே, கோகிலாவை மூணு மாசமாக இந்த வண்டியில் ஏற்றவே இல்லையே, ஆஸ்பத்திரிக்குக்கூட ஆட்டோவில்தானே கூட்டிப்போனான். வாய் தானாகப் பேசுகிறது, மனசுக்குள் இருக்கிறதை வாய் முந்திரிக்கொட்டை மாதிரி வெளியே நீட்டிவிடுகிறது. மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். போன வாரம் விட்டான், அவர் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு, வண்டி பூவாட்டம் போகுதே, உனக்குத்தான் எங்கியோ பிடிச்சிருக்கு என்று சிரித்தார். அவருக்குப் பூவாட்டம் போகிறது. அப்படியென்றால் அது வண்டியில் இல்லை, இவனிடம்தான் இருக்கிறது, இவன் ஏறினால்தான் அதுவும் ஏறுகிறது. இந்த இடத்துக்கு வந்ததும் அவன் எப்போதும் யோசனையை நிறுத்திக்கொள்வான், இப்போதும் நிறுத்தப் பார்த்தான், ஆனால் நிறுத்தினால் முட்டை ஞாபகம் வந்து நிற்கிறது. சீட்டின் மேல் அட்டை அட்டையாக அடுக்கி, ரப்பர் நாடா போட்டுக் கட்டிக் கொண்டுபோகிற முட்டை, மேலே போய் அவிழ்த்தால் ஒரு வரிசை மட்டும் நசுங்கியிருக்கிறது. தினமும் அதே வரிசை, இவன் முதுகுக்கு அடுத்த வரிசை. பிரேக் பிடிக்கும்போது முன்னால் சரிந்து நசுங்குகிறது என்று ஒரு காரணம் சொல்லலாம். அதற்கு முன்னால் இத்தனை வருசம் பிரேக் பிடிக்காமலா ஓட்டினான் என்றும் கேட்கலாம். ரெண்டையும் அவனேதான் சொல்லிக்கொள்கிறான், கேட்டுக்கொள்கிறான்.

கியர் லீவரைக் கழற்றினான். அதன் பின்னால் இருந்த மூடியை நெம்பியதும் உள்ளே செயின் மசகும் செம்மண்ணும் குழைந்து களியாகத் திரண்டிருந்தது, அந்த வாடை மூக்கில் ஏறியது, ஸ்க்ரூ டிரைவர் முனையால் வழித்து வழித்துக் கீழே போட்டான். மலைமண். தை மாசத்து மண்ணும் இதற்குள் எங்கேயோ இருக்கும். மிளகு பறிக்கிற காலம் அது. கோகிலாவின் தம்பி பூவரசன் ஒத்தை மூங்கில் ஏணியைச் சாத்தி மரத்தில் ஏறியவன், ஏணி வழுக்கி, மிளகுக்கொடியைக் கையோடு உருவிக்கொண்டு கீழே வந்தான். அர்த்தநாரி அப்போது முட்டை இறக்கிவிட்டு மாமியார் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் பாதி மலைக்குத்தான் வரும், அது வந்து சேர்வதற்குள் நாமே கீழே போய்விடலாம் என்றார்கள். மலையில் வழக்கமாகச் செய்கிற மாதிரி, ஓட்டுகிறவனுக்கும் பின்னால் பிடிக்கிறவருக்கும் நடுவில் அடிபட்டவனை உட்காரவைத்து, துண்டால் அர்த்தநாரியின் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். பின்னால் பிடித்துக்கொண்டவர் பக்கத்துக் காட்டுச் சடையண்ணன். பூவரசன் தலை இவனுடைய வலது தோளில் சாய்ந்திருந்தது. தாவாக்கட்டை தோளில் தட்டித் தட்டி வந்தது. தூங்க விடக்கூடாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போ என்று யாரோ சொன்னார்கள், சொன்னது யாரென்றுகூட ஞாபகமில்லை, அதைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு வளைவு வரும்போதும், வளைவு வருது மாப்ள, கெட்டியாப் புடிச்சுக்க, என்று சொன்னான். உம் என்றது தோள். அடுத்த வளைவு. வளைவு வருது மாப்ள. உம். இவனுக்கு அந்த உம் போதும், அந்த உம் இருக்கிறவரை உயிர் இருக்கிறது, வேறு எதையும் நினைக்கவில்லை, பாதையையும் உம்மையும் தவிர உலகத்தில் ஒன்றுமே இல்லை. கடைசி வளைவு வரை கேட்டது. ஆஸ்பத்திரி வாசலில் துண்டை அவிழ்த்தபோதுதான் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். வலது தோள் ஈரமாக இருந்தது. இன்றைக்கும் மேடு ஏறும்போது அந்தத் தோள்தான் முதலில் நனைகிறது, வேர்வைதான், வேறென்ன.

"இந்த வெயில்ல கொட்டாய்க்குள்ள உக்காந்து செய்யக்கூடாதுங்களா," என்று கோகிலா மோர்ச் சொம்போடு பின்னால் வந்து நின்றாள். அவன் துள்ளி விழுந்ததை அவள் பார்த்துவிட்டாள். "என்னைப் பார்த்தா பேயாட்டமா இருக்குது?"

"பேய்னா பரவால்லயே, ஒரு முருங்கை மரத்தோட போயிரும்," என்றான் அவன்.

அவள் சிரிக்கவில்லை, ஆனால் முகம் கொஞ்சம் இளகியது. இடுப்பில் ஒரு கையை ஊன்றி வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "இதை மாத்தினா நல்லா ஏறுமுங்களா?"

"ஏறும். முந்தி மூச்சு வாங்குச்சு பாரு, அது இருக்காது."

"அது என்னத்துக்கு மூச்சு வாங்குது, புதுசா," என்று கேட்டாள், கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவன் சொம்பை வாயில் வைத்துக்கொண்டான். மோர் தொண்டையில் இறங்குகிற வரைக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வண்டி பழசாச்சு என்றான் பிறகு. அவள் சரி என்றாள். அவள் சரி என்று சொல்கிற விதமே இப்போதெல்லாம் அவனுக்குப் பிடிபடுவதில்லை, நம்பிச் சொல்கிறாளா, விட்டுக்கொடுத்துச் சொல்கிறாளா. அடக்கம் முடிந்த மறுநாள் இப்படித்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியா என்னங்க சொன்னான் என்று கேட்டாள். உம்முனு சொன்னான், கீழ வர்ற வரைக்கும் உம் கொட்டிட்டேதான் வந்தான் என்றான் இவன். அதைக் கேட்டு அவள் அழுத அழுகையில் ஒரு ஆறுதல் இருந்தது. தனியா போகல, பேச்சுத் துணையோடதான் போயிருக்கான் என்று அவளே சொல்லிக்கொண்டாள். காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள், போகிறபோது சீட்டின் மேல் படிந்த தூசியை முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டுப் போனாள்.

பொய் சொல்லவில்லை, கேட்டதைத்தான் சொன்னான், அதுதான் இப்போது முள்ளாகக் குத்துகிறது. ஏனென்றால் கருமாதியன்று சடையண்ணன் இவனைக் காட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் ஒரு சங்கதி சொன்னார். ஏத்தி உக்கார வெக்கறப்பவே கை குளுந்து போச்சு தம்பி, நாடி இல்ல, உன்ட்ட சொன்னா நீ வண்டிய விட்டுருவ, நம்ம மூணு பேரையும் பள்ளத்துல கொண்டுபோய்ச் சேத்துருவன்னுதான் வாயத் தொறக்கல. அண்ணா, அவன் உம் கொட்டுனானே என்றான் இவன். அவர் இவனை ஒரு மாதிரி பார்த்தார். நான் ஒண்ணும் கேக்கல, நீதான் வளைவுக்கு வளைவு கூப்பிட்டுட்டே வந்த, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு என்றார். அந்த மலையில் பிணம் தூக்கிப் போகிறவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். பேர் சொல்லவோ முறை சொல்லவோ கூடாது, மேடு பள்ளம் வந்தால்கூடத் தட்டித்தான் காட்டுவார்கள். கூப்பிட்டால் செத்த உயிர் தன்னை வாழ்கிறவர்களோடு சேர்த்துக்கொண்டதாக நினைத்துக் கூப்பிட்டவன் முதுகைப் பிடித்துக்கொள்ளுமாம், குழிக்குள் போகிறது வெறும் உடம்புதானாம். இவன் கீழ்நாட்டுக்காரன், இவனுக்கு இது என்ன தெரியும், தெரிந்திருந்தாலும் உயிரோடு இருக்கிறான் என்று நம்பினவன் எப்படிக் கூப்பிடாமல் இருப்பான். ஒரு தடவையா ரெண்டு தடவையா, மலை முச்சூடும் வளைவு, அத்தனை வளைவுக்கும் கெட்டியாப் புடிச்சுக்க என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தான். சொன்ன பேச்சைக் கேட்கிற பையன் அவன், புடிச்சுக்க என்றால் புடிச்சுக்கொள்வான். இப்போது கோகிலாவிடம் எதைச் சொல்வது. மேலேயே செத்துப்போனான் என்று சொன்னால் அவளுடைய ஆறுதலைப் பிடுங்கின பாவம். கீழே வரை உம் கொட்டினான் என்றே விட்டுவிட்டால், அந்த உம் யாருடையது என்பதை இவன் ஒருத்தனே சுமக்க வேண்டும். இஞ்சின் உறுமலாக இருக்கலாம். இவன் நெஞ்சுக்குள்ளேயே கேட்டிருக்கலாம். சடையண்ணனுக்குக் காது மந்தம் என்றும் ஊரில் சொல்வார்கள், சொல்வார்களா, இல்லை இவனே இப்போது உண்டாக்கிக்கொண்டதா.

பழைய சக்கரத்தைப் பிடித்திருந்த ரெண்டு சின்ன போல்ட்டில் ஒன்று சுலபமாக வந்துவிட்டது. ரெண்டாவது இறுகிப்போய்க் கிடந்தது. கியரில் போடலாம் என்றால் லீவரைக் கழற்றியாயிற்று, ஸ்பானரை அழுத்தினால் பின்சக்கரம் கொஞ்சம் சுற்றி, அழுத்தின பலமெல்லாம் வீணாகப் போனது. யாராவது அந்தப் பக்கம் பிரேக்கை மிதித்துக்கொண்டால் சக்கரம் அசையாது, போல்ட் வந்துவிடும். பிரேக் மிதி வலது பக்கம், இவன் குந்தியிருப்பது இடது பக்கம், கை எட்டாது. மசகும் வேர்வையுமாக ஸ்பானர் வழுக்கியது, விரல் முட்டி பெயர்ந்து ரத்தம் கசிந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது, எல்லாம் சேர்ந்த எரிச்சலில் தலையைத் தூக்காமலே, மாப்ள அந்தப் பிரேக்க ஒரு மிதி மிதி, என்றான். சொல்லிக்கொண்டே அழுத்தினான். டக்கென்று போல்ட் இளகியது. இளகின பிறகுதான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது. முன்பெல்லாம் செயின் இறுக்கும்போதும் டயர் கழற்றும்போதும் இவன் இந்தப் பக்கம், பூவரசன் அந்தப் பக்கம், அந்தப் பழக்கத்தில் வந்த பேச்சு. கை ஸ்பானரிலேயே இருந்தது. வண்டிக்கு அந்தப் பக்கம் பார்க்க இவன் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், சீட்டுக்கு அடியில், இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியாக அந்தப் பக்கத்துத் தரை தெரியும், அங்கே கால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். தலையைச் சாய்க்கவில்லை. காக்கை ஒன்றுகூடக் கத்தவில்லை. இறுகின போல்ட் எப்போதாவது இளகித்தானே தீரும், அத்தனை அழுத்து அழுத்தினால் இளகாமல் என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டான், வாய்க்குள்ளேயே, சத்தம் வராமல். செத்தவனை மறுபடியும் முறை சொல்லிக் கூப்பிட்டாயிற்று, அதுவும் இந்த முறை, செத்தவன் என்று தெரிந்த பிறகு. எழுந்து ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது, அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. ரெண்டையும் செய்யாமல் பழைய சக்கரத்தைச் செயினோடு சேர்த்து உருவி வெளியே எடுத்தான்.

அதற்கப்புறம் கை தன் போக்கில் வேலை செய்தது. பதிமூணு பல் சக்கரத்தைச் செயினுக்குள் கோத்து இஞ்சின் தண்டில் நுழைத்தான், பூட்டுத் தகட்டைத் திருப்பி ரெண்டு போல்ட்டையும் முறுக்கினான். ஒரு பல் குறைந்ததால் செயின் தொளதொளவென்று தொங்கியது. பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, கீழே செயினை விரலால் தூக்கிப் பார்த்து, ரெண்டு விரல் ஆட்டம் இருக்கிற மாதிரி வைத்து நட்டை இறுக்கினான். ரொம்ப இறுக்கக்கூடாது, ஆள் ஏறி உட்கார்ந்தால் செயின் தானாக விறைக்கும், அந்த விறைப்புக்கும் சேர்த்துத்தான் இப்போது தளர்வு விடுவது. கை கழுவத் தொட்டிக்குப் போனான். சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத் திரும்பி வந்து, மனசு கேட்காமல் இன்னொரு தடவை செயினைத் தூக்கிப் பார்த்தான். தூக்க வரவில்லை. வீணைத் தந்தி போல விறைத்து நின்றது. பழைய செயின், ஒரு பக்கம் தேய்ந்து ஒரு பக்கம் தேயாமல் இருக்கும், சக்கரம் சுற்றினால் ஒரு இடத்தில் தளரும் ஒரு இடத்தில் இறுகும், எந்த மெக்கானிக்கும் சொல்வார். சரி. ஆனால் சக்கரத்தைச் சுற்றினது யார். காற்றில்லை. நாய் கோழி எதுவும் வாசலில் இல்லை. ஸ்டாண்டில் நிற்கிற வண்டியின் பின்சக்கரம் தரையில் படாமல் சும்மா நிற்கிறது, அசையாமல் நிற்கிறது. சீட்டை நிமிர்ந்து பார்க்காமல், கையால் சக்கரத்தைத் தள்ளிச் சுற்றிவிட்டு, மறுபடி செயினைத் தொட்டான். இப்போது ரெண்டு விரல் ஆடியது. மறுபடி சுற்றிப் பார்க்கவில்லை. மூடியைப் பூட்டினான், கியர் லீவரை மாட்டினான்.

ஓட்டிப் பார்க்க வாய்க்கால் பாலத்து மேடுவரைக்கும் போனான். ரெண்டாவது கியரிலேயே மேட்டைக் கடந்தது வண்டி, மூச்சு வாங்கவில்லை, திணறவில்லை. சந்தோசம் ஒரு வீச்சு வந்தது, பார்த்தாயா, எல்லாம் கியர் கணக்குத்தான், பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று மனசு துள்ளியது. பாலத்து மேல் நிறுத்திக் காலை ஊன்றினபோது அந்தத் துள்ளல் அடங்கியது. பின்பக்க ஸ்பிரிங் அமுங்கினபடியேதான் இருந்தது, வண்டியைக் காலால் தாங்கும்போது தொடையில் ஏறுகிற கனம் அவனுக்குத் தெரியாதா, தினமும் தாங்குகிற கால். பல்லைக் குறைத்தால் பாரம் குறையாது, இழுக்கிற தெம்புதான் கூடும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு, ஆனால் காலையிலிருந்து அவன் வேறு என்னவோ நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இறக்கிவிடுகிற வேலை என்று நினைத்துச் செய்தது சுமக்கிற வேலையாகப் போயிற்று. கோகிலாவை எப்படி ஏற்றுவது. வயிற்றுப்பிள்ளைக்காரியை, குளிர்ந்துபோன ஒருத்தன் மேல் கொண்டுபோய் எப்படி உட்காரவைப்பது. பிள்ளைக்கு ஒன்று ஆனால் அந்தப் பாவம் எந்தக் காவேரியில் முழுகினாலும் போகாது. வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம், உடம்புக்கு ஆகாது என்று சொல்லலாம், உண்மையையே சொல்லிவிடலாம். உண்மை என்று எதைச் சொல்வது. வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் வலது தோள் நனைந்துகொண்டே வந்தது, நிழல் விழுந்த பாதைதான், வெயில்கூட இல்லை.

கோகிலா சுடிதார் போட்டுக்கொண்டு, தலைவாரி, பையோடு தயாராக நின்றாள். கதவைப் பூட்டிச் சாவியை அவன் சட்டைப் பையில் போட்டாள். பையை வாங்கி டேங்கின் மேல் மாட்டினான்.

"கோகிலா, வேணும்னா இன்னொரு நாளைக்கு..."

"எங்கம்மா ஒத்தையில அடுப்ப மூட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்," என்றாள் அவள். "ஏறுங்க நீங்க."

அவன் ஏறி உட்கார்ந்து, ரெண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டான். கிக்கரை உதைக்கவில்லை, அவள் ஏறட்டும் என்று காத்திருந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் அவன் தோளைப் பிடிக்கவில்லை. பின்பக்கத்துக் கம்பியைப் பிடித்து, நிதானமாக, ரெண்டு பக்கமும் கால் போட்டு ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்த்தான். சீட்டின் கடைசி விளிம்பில், கேரியர் கம்பி முதுகில் அழுந்த உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் இவனுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு ரெக்சின் சும்மா கிடந்தது, சாய்ந்த வெயில் அதன் மேல் விழுந்திருந்தது.

"கிட்ட வந்து உக்காரு புள்ள. வளைவுல தூக்கி அடிக்கும்."

"இருக்கட்டுங்க," என்றாள். குரலில் துளி பயமில்லை, அழுகையும் இல்லை, சோறு போடும்போது எல்லாருக்கும் இலை போட்டாச்சா என்று பார்க்கிற குரல். அவள் ஒரு கையைத் தூக்கி நடுவில் இருந்த அந்த வெற்றிடத்துக்கு மேலாக நீட்டி அவன் முதுகை மெதுவாகத் தள்ளினாள். "நீங்கதான் கொஞ்சம் முன்னால தள்ளிக்கோணும். அவனுக்கு இடம் பத்தல."

அர்த்தநாரி டேங்கில் வயிறு அழுந்த முன்னால் தள்ளி உட்கார்ந்தான்.